காற்று பாடம், நான்காம் வகுப்பு: மெழுகுவத்தியை மூடினால் தண்ணீர் ஏறுவதற்குச் சரியான காரணம் என்ன?

வெண்கட்டி (கேள்வி)

நான்காம் வகுப்பு, 36 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட். அடுத்த வாரம் காற்று பாடம் தொடங்க வேண்டும். மூன்று இடத்தில் இடிக்கிறது. செய்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த அந்த மெழுகுவத்திச் சோதனை. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அது இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்" என்றுதான் பல கையேடுகளிலும் வீடியோக்களிலும் விளக்கம் வருகிறது. ஆனால் செய்து பார்த்தால் ஒரு தடவை ஏறிய அளவு மறு தடவை ஏறுவதில்லை. மூன்று மெழுகுவத்தி வைத்தால் இன்னும் மேலே போகிறது. டம்ளரும் அதே, உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே. பிறகு எப்படிக் கூடுதலாக ஏறும்?

இரண்டாவது, காற்றுக்கு எடை உண்டு என்று காட்டும் குச்சித் தராசு. இரண்டு பக்கமும் ஊதிய பலூன் கட்டி, ஒன்றை ஊசியால் குத்தினால் மற்றது கீழே இறங்க வேண்டும். சில சமயம் இறங்குகிறது, சில சமயம் அசையவே இல்லை, சில சமயம் உடைந்த பக்கம் மேலே போய்விட்டுத் திரும்பி வருகிறது. பிள்ளைகளிடம் எதைக் காட்டி எதைச் சொல்வது?

மூன்றாவது, இத்தனை பேரை வைத்துக்கொண்டு நெருப்பும் தண்ணீரும் புழங்கும் சோதனையை எந்த வரிசையில் நடத்துவது?

சுடரடி

சந்தேகம் நியாயமானது டீச்சர். ஆக்சிஜன் காலியானதால் தண்ணீர் ஏறுகிறது என்பது தவறான விளக்கம். ஆண்டாண்டு காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சோதனையே 2000 வருஷத்துக்கும் மேல் பழையது. பைசாந்தியத்து ஃபிலோ என்ற கிரேக்கர் எழுதிவைத்திருக்கிறார். காரணத்தை அவரும் நெருப்பின் தலையில்தான் கட்டினார்.

நடப்பது இது. டம்ளரைச் சுடருக்கு மேல் கொண்டு வரும்போதே அதற்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. விரிந்ததில் கொஞ்சம் விளிம்பு வழியாக வெளியே போய்விடும். டம்ளரைச் சட்டென்று இறக்கினால் விளிம்பிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று ஆறிச் சுருங்குகிறது. எரிந்தபோது உண்டான நீராவியும் டம்ளர் சுவரில் பனித்துத் தண்ணீராகிவிடுகிறது. உள்ளே அழுத்தம் குறைந்துபோக, தட்டில் உள்ள தண்ணீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று அதை உள்ளே தள்ளுகிறது.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும் (இது ஆசிரியருக்கு மட்டும், வகுப்பில் வேண்டாம்). காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தாலே மெழுகுவத்தி அணைந்துவிடும். அதாவது முக்கால் பங்கு ஆக்சிஜன் செலவாகாமல் உள்ளேயேதான் இருக்கிறது. செலவான 5 பங்குக்குப் பதிலாக மூன்றேகால் பங்கு போல கார்பன் டை ஆக்சைடு வந்து சேர்ந்துவிடுகிறது. அது தண்ணீரில் கரையும்தான், ஆனால் அசையாத தண்ணீரில் சில நொடிக்குள் அல்ல. ஆகவே இந்த வகையில் வரும் குறைவு 2 சதவீதத்துக்கும் கீழே. 10 செ.மீ. உயர டம்ளரில் 2 மி.மீ. கூட ஏறாது. மாறாக, உள்ளே இருக்கும் காற்றின் சராசரி வெப்பம் 90 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால் பருமன் ஆறில் ஒரு பங்கு குறையும். பார்க்க ஐந்தில் ஒரு பங்கு போலவே இருக்கும். தப்பான விளக்கம் இத்தனை நாள் பிழைத்திருப்பதற்கு இந்தத் தற்செயலும் ஒரு காரணம்.

மூன்று மெழுகுவத்தி வைத்தால் சூடு அதிகம். முதலில் வெளியே போகும் காற்று அதிகம், பிறகு சுருக்கமும் அதிகம்.

வகுப்பில் இதை வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. மூன்று விஷயத்தைக் காட்டினால் பிள்ளைகளே அந்த விளக்கத்தைத் தள்ளிவிடுவார்கள்.

அ) எப்போது ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே சீராக ஏற வேண்டும். ஆனால் பெரும்பாலான தண்ணீர் சுடர் மெலிந்து அணைகிற வேளையிலும் அணைந்த பிறகு சில நொடியிலும்தான் விறுவிறுவென்று ஏறும். இதைக் கவனிக்க இரண்டு பிள்ளைகள் போதும். ஒருவர் சுடரை மட்டும் பார்த்து "அணைஞ்சிடுச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர் தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருவரே பார்த்தால் கண் சுடரிலேயே நின்றுவிடும்.

ஆ) ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவத்தி. டம்ளர் ஒன்றே, தண்ணீரின் அளவு ஒன்றே. ஒவ்வொரு தடவையும் ஏறிய மட்டத்தில் டம்ளருக்கு வெளியே ரப்பர் பேண்டு மாட்டுங்கள்.

இ) நெருப்பே இல்லாத சோதனை. கையால் தொட்டால் நன்றாகச் சுடும், ஆனால் கொதிக்காத தண்ணீரை டம்ளரில் ஊற்றி அரை நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, உடனே தட்டில் கவிழ்த்துவிடுங்கள். எதுவும் எரியவில்லை, ஆனாலும் தண்ணீர் ஏறும். என் கணக்கில் மூன்றிலும் இதுதான் முக்கியம். இதைப் பார்த்த பிறகு "ஆக்சிஜன் தீர்ந்தது" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும், வேண்டாம். ஊற்றுவது ஆசிரியர் மட்டுமே.

சோதனை சொதப்பும் இடங்கள்:

டம்ளர் விளிம்பு தட்டோடு ஒட்டி உட்கார்ந்தால் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. தட்டில் மூன்று நாணயத்தை முக்கோணமாக வைத்து அதன்மேல் டம்ளரை நிறுத்துங்கள். தண்ணீர் நாணயத்துக்கு மேல் குறைந்தது அரை செ.மீ. நிற்க வேண்டும். மொத்தத்தில் 1 செ.மீ. ஆழம் இருந்தால் நல்லது. ஏறுகிற பாதியில் தட்டு வறண்டுபோனால் காற்று உள்ளே புகுந்து மட்டம் இறங்கிவிடும்.

மெழுகுவத்தி 3 முதல் 4 செ.மீ. உயரம் போதும். அடியில் களிமண் உருண்டை வைத்து நிறுத்துங்கள். உருகிய மெழுகால் ஒட்டினால் தண்ணீர் பட்டதும் பெயர்ந்து மிதக்கும். சுடரின் நுனிக்கும் டம்ளரின் அடிக்கும் நடுவே 3 செ.மீ. இடமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் கரி படிந்து உள்ளே ஒன்றும் தெரியாது.

தண்ணீரில் இரண்டு சொட்டு மை விடுங்கள். பின்வரிசைக்கும் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஏறவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் டம்ளரைக் கவிழ்க்கும் வேகம். சுடருக்கு மேல் ஐந்து நொடி பிடித்துவிட்டு இறக்கினால் உள்ளே நல்ல சூடு, நிறைய ஏறும். டக்கென்று மூடினால் குறைவாக ஏறும். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒரே வேகத்தில் இறக்கிப் பழகுங்கள். டம்ளர் முந்தின தடவையின் சூட்டோடு இருந்தாலும் அளவு மாறும், துடைத்து ஆறவிட்டு எடுங்கள்.

தராசுமுள்

பலூன் விஷயத்துக்கு மட்டும் பதில்.

25 செ.மீ. குறுக்களவுள்ள பலூனில் சுமார் 8 லிட்டர் காற்று. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம். ஆக உள்ளே 10 கிராம் காற்று இருக்கிறது. அந்த 10 கிராமும் தராசில் தெரியும் என்று நினைப்பதுதான் தப்பு. பலூன் அதே 8 லிட்டர் வெளிக்காற்றை விலக்கிக்கொண்டு நிற்கிறது, அந்த அளவுக்கு மிதப்பு விசை அதை மேலே தூக்குகிறது. தராசுக்குத் தெரிவது, ரப்பர் இறுக்கிப் பிடித்திருப்பதால் உள்ளே கூடுதலாக அடைபட்டிருக்கும் 2 அல்லது 3 சதவீதம் மட்டுமே. அதாவது 0.2, 0.3 கிராம். சின்ன ஜெம் கிளிப் ஒன்றின் எடைகூட இல்லை.

இந்தச் சின்ன வித்தியாசத்தை மின்விசிறி ஓடும் அறையில், நடுவில் முடிச்சுப் போட்ட குச்சியில் பார்க்க முயன்றால் எப்படித் தெரியும்? போதாததற்கு, ஊசியால் குத்தினால் பலூன் வெடித்து ஒரு துண்டு எங்கேயோ பறக்கும். அந்த ரப்பர்த் துண்டே காற்றின் வித்தியாசத்தைவிட கனம். பிறகு தராசு சாய்ந்தால்தான் என்ன அர்த்தம்? வாயால் ஊதினால் எச்சில் ஈரம் வேறு உள்ளே போகும்.

பலூனை வைத்தே செய்தாக வேண்டுமென்றால்: கைப்பம்பால் ஊதுங்கள். முடிச்சுக்குப் பக்கத்தில், ரப்பர் தளர்ந்திருக்கும் இடத்தில், சின்ன டேப் துண்டு ஒட்டி அதன் வழியாக ஊசியை இறக்குங்கள். வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும், துண்டும் பறக்காது. குச்சி இலேசானதாக, அரை மீட்டராவது நீளமாக இருக்கட்டும். நடுவில் துளையிட்டு நூலில் தொங்கவிடுங்கள். துளை குச்சியின் நடுக்கோட்டுக்கு ஒரு இழை மேலே இருக்க வேண்டும். ரொம்ப மேலே போட்டால் தராசு மந்தமாகும், நடுக்கோட்டுக்குக் கீழே போட்டால் குப்புறக் கவிழும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு கால்பந்தும் சமையலறை டிஜிட்டல் தராசும் இருந்தால் வேலை முடிந்தது. 5-ஆம் எண் பந்தின் உள்ளளவு ஐந்தரை லிட்டர் போல. விளையாடுகிற அளவுக்குக் காற்றடித்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 0.6 முதல் 1.1 மடங்கு கூடுதல் அழுத்தம். கூடுதலாகப் போகும் காற்று 4 முதல் 7 கிராம். 1 கிராம் வரை காட்டும் தராசிலேயே எண் மாறுவதை எல்லோரும் பார்க்கலாம்.

தொடங்கும்போது பந்து உருண்டையாக இருக்க வேண்டும், அமுக்கினால் கட்டைவிரல் எளிதாக உள்ளே போகும் அளவுக்குத் தொய்வும் இருக்க வேண்டும். நசுங்கிச் சப்பையாகக் கிடக்கும் பந்தை எடுத்து உருண்டையாக்கினால் மிதப்பு விசையும் சேர்ந்து கூடும், பாதிக் காற்றின் எடை தராசில் மறைந்துவிடும். பந்து உருளாமல் இருக்க டேப் சுருளைத் தராசின்மேல் வைத்து அதன்மேல் உட்காரவையுங்கள். பம்பு ஊசியை ஈரப்படுத்தித்தான் செருகுவோம், எடை போடும் முன் அந்த ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

முதலில் எடை, பிறகு பத்து தடவை பம்பு, மறுபடி எடை, இன்னும் பத்து தடவை, மறுபடி எடை. கடைசியில் காற்றை வெளியே விட்டு எடை பழைய எண்ணுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண் திரும்பி வருவதுதான் உள்ளே போனதும் வெளியே வந்ததும் காற்றேதான் என்பதற்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் சாட்சி.

கடைசிபெஞ்சு

சுடரடி சார் எழுதியது எல்லாம் சரி. ஆனால் நான்காம் வகுப்பில் மெழுகுவத்தியை முதல் நாள் எடுக்காதீர்கள் என்பேன். அதில் சூடு, சுருக்கம், எரிதல், அழுத்தம் என்று நான்கு விஷயம் ஒன்றாக நடக்கிறது. "காலி டம்ளரில் ஒன்றுமில்லை" என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றுகூட நிற்காது. வீசினால்தான் காற்று, வீசாவிட்டால் காற்றே இல்லை என்றும் பாதிப் பேர் நினைப்பார்கள். அங்கிருந்து தொடங்கி, காற்று இடத்தை அடைப்பது, பிறகு தள்ளுவது, பிறகு எடை, கடைசியில் சூடும் எரிதலும் என்று போங்கள்.

இடத்துக்கு காகிதம் வைத்த டம்ளர் ஒன்றே போதும், அதையே முழுப் பீரியடும் நடத்தலாம். செய்முறை சாதாரணம். காகிதத்தைக் கசக்கி டம்ளரின் அடியில் திணித்து, டம்ளரைக் கவிழ்த்து, நேராக வாளித் தண்ணீரில் அடிவரை அமுக்கி, நேராகவே எடுத்தால் காகிதம் நனைந்திருக்காது. கேட்க எளிது. 36 பேர் செய்தால் பாதிப் பேருடைய காகிதம் நனைந்துவிடும். காரணங்கள் இவை:

காகிதம் தளர்வாக இருந்து நழுவி விழுவது. அடியில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். கவிழ்த்து உலுக்கினாலும் விழக்கூடாது.

டம்ளர் சாய்வது. இதுதான் அதிகம். தண்ணீர் கையை மேலே தள்ளுவதால் பிள்ளைகள் கையைத் திருப்புகிறார்கள், ஒரு பக்கம் குமிழ் போய்விடும். இரண்டு கையாலும் அடிப்பாகத்தைப் பிடித்து அமுக்கச் சொல்லுங்கள்.

எடுத்தபின் நனைவது. டம்ளர் விளிம்பில் தொங்கும் தண்ணீர், நிமிர்த்தியதும் உள்ளே வழியும். நிமிர்த்தாமல் கவிழ்த்தபடியே வைத்துத் துணியால் விளிம்பைத் துடைத்து, கையைத் துடைத்து, பிறகு காகிதத்தை எடுக்க வேண்டும். "நனையவில்லை, ஆனால் ஓரத்தில் ஈரம்" என்ற பதில் பெரும்பாலும் ஈரக் கையால் வருவது.

அமுக்கும்போதே உள்ளே இரண்டு மி.மீ. தண்ணீர் ஏறியிருப்பதைக் கூர்மையான பிள்ளை ஒன்று கண்டுபிடிக்கும். 20 செ.மீ. ஆழத்தில் 10 செ.மீ. டம்ளருக்கு அவ்வளவு ஏறத்தான் செய்யும், அந்த ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் காற்றை 2 சதவீதம் நெருக்குகிறது. "அது தப்பு, ஏறக்கூடாது" என்று அடித்துவிடாதீர்கள். "காற்றைக் கொஞ்சம் நெருக்கலாம்" என்று சொல்லி ஊசி கழற்றிய சிரிஞ்சின் வாயைக் கட்டைவிரலால் மூடி அமுக்கச் சொன்னால் கைக்கே தெரியும்.

அடுத்து, அதே டம்ளர், ஆனால் பிளாஸ்டிக், அடியில் சூடான ஊசியால் ஒரு துளை. துளையை விரலால் மூடி அமுக்கட்டும். அடியில் போனதும் விரலை எடுத்தால் காற்று புஸ்ஸென்று விரலில் அடிக்கும், தண்ணீர் உள்ளே ஏறும். இதுவரை கண்ணுக்குத் தெரியாதது இப்போது விரலில் பட்டுவிட்டது. கேள்வியை இந்த இடத்தில் போடுங்கள்: "விரலில் பட்டது எங்கே இருந்தது?"

புனலைப் பாட்டில் வாயில் செருகிச் சுற்றிலும் களிமண்ணால் அடைத்து, உள்ளே காற்று இருப்பதால் ஊற்றிய தண்ணீர் இறங்காது என்று காட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. புனலின் காம்பு 1 செ.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் சுற்றிலும் களிமண் எவ்வளவு அடைத்தாலும் குளுக் குளுக்கென்று தண்ணீர் இறங்கும், காற்று அதே காம்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. காம்பு குறுகலாக வேண்டும், தண்ணீரை மெல்ல ஊற்றாமல் சட்டென்று நிரப்ப வேண்டும். களிமண் ஈரமான பாட்டில் வாயில் ஒட்டாது, துடைத்த பிறகு அடையுங்கள்.

குழு பற்றி: ஆறு பேர் ஒரு குழு என்றால் இரண்டு பேர் செய்வார்கள், நான்கு பேர் தண்ணீரில் விளையாடுவார்கள். நான்கு பேராக ஒன்பது குழு போடுங்கள். வாளி ஒன்பது கிடைக்காவிட்டால் ஐந்து போதும், பாதிக் குழு செய்யும்போது மீதிப் பாதி நோட்டில் முன்கணிப்பை வரையட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீரை வாளியில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம், கை போனதும் வழியும். தரையில் பழைய துணி ஒன்று விரித்துவிடுங்கள்.

முன்கணிப்பை வாயால் கேட்காதீர்கள். வகுப்பில் முதலில் கைதூக்கும் பிள்ளை சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். டம்ளரின் படத்தைப் போட்டுக் கொடுத்து, தண்ணீர் எதுவரை வரும் என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட பிறகு அழிரப்பர் கிடையாது. சோதனை முடிந்ததும் பக்கத்திலேயே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்க வேண்டும். நீங்கள் திருத்தும்போதும் முதல் கோடு தப்பு என்று மார்க் குறைக்காதீர்கள், அப்புறம் யாரும் மனதில் பட்டதை வரைய மாட்டார்கள்.

நெருப்புச் சோதனையைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டாம். ஆசிரியர் மேசையில், வகுப்பை மூன்றாகப் பிரித்து, பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பேராக வந்து ஒரு பக்கம் மட்டும் நின்று பார்க்கட்டும். பற்றவைப்பது ஆசிரியர். தலைமுடி கட்டியிருக்க வேண்டும், தொங்கும் துணி எதுவும் மேசைக்கு மேல் வரக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஈரத்துணியும்.

வெண்கட்டி

எல்லோருக்கும் நன்றி. பந்துச் சோதனை எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. மெழுகுவத்தி ஏன் அணைந்தது என்று பிள்ளை கேட்டால் "ஆக்சிஜன் குறைந்ததால்" என்று சொல்லத்தானே வேண்டும்? அங்கே ஆக்சிஜன் காரணம், தண்ணீர் ஏறுவதற்கு அது காரணமில்லை என்றால் குழம்பாதா? அப்புறம், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதை நேர்மையாகக் காட்ட வேறு சோதனை உண்டா?

சுடரடி

குழப்பம் வராமல் இருக்க இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். எரிவதற்குக் காற்று வேண்டும் என்பதற்குத் தண்ணீரே வேண்டாம். 250 மி.லி., 500 மி.லி., 1 லிட்டர் என்று மூன்று கண்ணாடி ஜாடி, ஒரே மெழுகுவத்தி. எந்த ஜாடியில் எத்தனை நொடி எரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஜாடி பெரிதானால் நேரம் கூடும். தண்ணீர் ஏறுவது பாதையில் குறுக்கே வராது.

இதில் பிசகும் ஒரே இடம் பழைய காற்று. ஒரு தடவை எரிந்த ஜாடியை அப்படியே மறுபடி கவிழ்த்தால் உள்ளே ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த காற்று, நேரம் பாதியாகிவிடும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஜாடியை நிமிர்த்தி அட்டையால் பத்துப் பதினைந்து தரம் விசிறுங்கள். திரியின் நீளமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜாடிக்கும் மூன்று தடவை எடுத்து நடு எண்ணை எழுதச் சொல்லுங்கள். சராசரி தெரியாத வகுப்புக்கு அதுவே போதும்.

"ஆக்சிஜன் தீர்ந்ததால்" என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "எரியப் போதுமான அளவு இல்லாததால்" என்பதே சரி. நாம் வெளியே விடும் மூச்சிலும் 16 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது.

நேரம் மிச்சமிருந்தால் ஒரே ஜாடிக்குள் குட்டை, நெட்டை என்று இரண்டு மெழுகுவத்தி வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு கனமானது, கீழே தங்கும், குட்டைதான் முதலில் அணையும் என்று பெரியவர்களே சொல்வார்கள். அணைவது பெரும்பாலும் நெட்டைதான். சூடான வாயு மேலே போய் அங்கே தேங்குகிறது. ஜாடி குறைந்தது 1 லிட்டராக இருக்கட்டும், இரண்டின் உயரத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கட்டும்.

தராசுமுள்

ஐந்தில் ஒரு பங்குக்கு இரும்புத் துரு. மெதுவான சோதனை, ஆனால் நம்பலாம். நெருப்பு இல்லை, சூடு இல்லை, துருப்பிடிக்கும்போது ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து போய்விடுகிறது, பதிலுக்கு எந்த வாயுவும் வருவதில்லை.

வேண்டியது: மரச்சாமான் தேய்க்கப் பயன்படும் மெல்லிய ஸ்டீல் வுல் (இரும்பு இழைப் பஞ்சு). பாத்திரம் துலக்கும் பளபள ஸ்க்ரப்பர் உதவாது, பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. ஒரு வாரம் வைத்தாலும் தண்ணீர் அசையாது. சோப்பு தோய்த்து விற்கும் வகையும் வேண்டாம்.

250 மி.லி. அளவுள்ள நெட்டையான, குறுகலான, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குழாய் அல்லது ஜாடிக்கு 2 கிராம் போதும். ஸ்டீல் வுல்லில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசிவிடுங்கள். பிறகு வினிகரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தண்ணீரில் ஒரு தடவை அலசி, உதறிவிடுங்கள். தண்ணீரில் அலசாமல் விட்டால் மிச்சமிருக்கும் அமிலம் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் குமிழ் விடும், அது மட்டத்தைக் கீழே தள்ளும்.

ஈரமாக இருக்கும்போதே பிரித்துப் பஞ்சுபோல் ஆக்கி ஜாடியின் அடியில் திணியுங்கள். கவிழ்த்தால் விழக்கூடாது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நாணயங்களின்மேல் ஜாடியைக் கவிழ்த்து நிறுத்துங்கள். பக்கத்திலேயே ஸ்டீல் வுல் இல்லாத ஜாடி ஒன்றும் அதேபோல நிற்கட்டும். ஜாடியின் உயரத்தை ஐந்து சமபாகமாகக் கோடு போட்ட காகிதப் பட்டையை வெளியே ஒட்டுங்கள்.

சாயங்காலம் வைத்தால் மறுநாள் காலையில் ஏறியிருக்கும். முழுதாக நிற்க ஒரு நாள் விடுங்கள். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும், அதற்குமேல் எத்தனை நாள் வைத்தாலும் போகாது. தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வைத்த அதே நேரத்தில் அளவெடுங்கள். அறை வெப்பம் 10 டிகிரி மாறினாலே காற்றின் பருமன் 3 சதவீதம் மாறும், அது இல்லாத குழப்பத்தை உண்டாக்கும். வெறும் ஜாடியில் மட்டம் எவ்வளவு ஆடியது என்று பார்த்தால் வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்றும் தெரிந்துவிடும்.

கடைசிபெஞ்சு

துருச் சோதனையை ஐந்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பங்கு, பின்னம் எல்லாம் அப்போதுதான் கைக்கு வரும். நான்காம் வகுப்பில் "ஏறியது, நின்றுவிட்டது, மீதிக் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது" என்ற அளவில் நிறுத்தினால் போதும்.

இன்னொன்று, "உறிஞ்சுதல்" என்ற சொல். தண்ணீர் ஏறியதும் "உள்ளே இருக்கிற காற்று உறிஞ்சிடுச்சு" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அதைத் திருத்த நல்ல வழி, ஸ்ட்ரா. ஒரு ஸ்ட்ராவில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே குண்டூசியால் நான்கு ஐந்து துளை போட்டுக் கொடுங்கள். எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் வாய்க்கு வராது, காற்றுதான் வரும்; துளை வழியாகக் காற்று புகுந்துவிடுவதால் உள்ளே அழுத்தம் குறைவதில்லை, வெளிக்காற்றால் தண்ணீரை மேலே தள்ள முடியாது. துளையை விரலால் மூடினால் வரும். துளை ஒன்றே ஒன்று, அதுவும் சின்னதாக இருந்தால் பலமாக இழுக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் வந்துவிடும், பெரிதாகவே போடுங்கள். ஒரு பிள்ளை வாய் வைத்த ஸ்ட்ராவை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், 36 ஸ்ட்ரா தனித்தனியாக எடுத்துவையுங்கள். துளையை முந்தின நாளே போட்டுவிட்டால் பீரியடில் பத்து நிமிடம் மிச்சம்.